படத்தில் இல்லாத முடுக்கு

2025 ஜூன் 9, திங்கள்

ஸ்நாப் நிலத்தைத் திருடுகிறது.

இன்று கணினித் திரையில் என் கண் முன்னாலேயே திருடியது. ஒரு சுவரின் முனையில் கோட்டை நிறுத்தப் போகிறேன். அதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரின் முனையில் பச்சைச் சதுரம் மின்னுகிறது. க்ளிக் செய்ததும் கோடு அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, 'இங்கன வை' என்று சொல்வது போல. பெரிதாக்கிப் பார்த்தால்தான் பக்கத்து வீட்டுக்காரனின் இடம் நம் ஆளுக்கு வந்துவிட்டது தெரியும். சிறிதாக்கிப் பார்க்கும்போது எல்லாம் கச்சிதம்.

பக்ரீத் பெருநாள் முடிந்து முதல் வேலை நாள். வந்த கோபத்தில் மௌஸைத் தட்டிவிட்டேன். நேசையா சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பாளையில் மருந்துக்கடைக்கு மாடியில் அவருடைய அலுவலகம். வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது தொழில். டிப்ளமோ முடித்ததிலிருந்து இங்கேதான் வரைகிறேன். எல்லாக் கணினியிலும், கோட்டைத் தானாக இழுத்து ஒட்டவைக்கிற இந்த ஸ்நாப்பின் எல்லா வகையும் ஆன் செய்திருக்கும். கோட்டின் முனை, நடு, செங்குத்து, இரண்டு கோடு வெட்டும் இடம், கடைசியாக 'பக்கத்தில் எது கிடந்தாலும்'. அந்தக் கடைசி வகைதான் பெரிய அயோக்கியன். அணைத்து வைத்தால் மறுநாள் காலையில் மறுபடி ஆன் ஆகியிருக்கும். ஸ்நாப் இல்லாமல் வரைவது கண்ணைக் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது என்பது சாரின் கட்சி.

எதிர் மேசையில் தளவாய் அண்ணன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருகிறவர். அவருக்கு எதன் மேலும் கோபம் வராது.

"ஏ பிள்ள, அது நாய்க்குட்டி மாதிரி. எவன் கிட்டக்க நிக்கானோ அவன் காலை நக்கும். அதுகிட்டப் போயி மல்லுக்கு நிக்கியே."

இப்போதைய வேலை காஜா முகைதீன் ஹாஜியார் வீடு. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. குவைத்தில் கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். தன் பழைய வீட்டை இடித்து, பக்கத்து வீட்டின் முன்பாதியையும் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டப் போகிறார். தளவாய் அண்ணன்தான் அளக்கப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் அளவு இல்லை, ஒரு கேள்விக்குறி. காரணம் கேட்டால் சிரிக்கிறார். அங்கே இருப்பது பெண்கள் நடக்கிற முடுக்கு. அதன் முனையில் நின்று இருமினாராம். உள்ளேயிருந்து ஒரு குரல், பொம்பளைங்க போற எடம்னு தெரியாதா என்று. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீ போயி அளந்துட்டு வா. உனக்குத்தான் அந்த நாட்டுக்கு விசா உண்டு" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

ஆர்த்தோ என்று இன்னொரு பொத்தான். அதை அமுக்கினால் கோடெல்லாம் நட்டுக்குத்தாக நிற்கும், இல்லாவிட்டால் படுக்கும். சாய்வே கிடையாது. மேலப்பாளையத்தில் சாயாத சுவர் ஒன்றைக் காட்டட்டும், நான் வேலையை விட்டுவிடுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

ஏழெட்டு வருடம் கழித்து முடுக்குக்குள் போனேன்.

வீடுகளின் பக்கச் சுவர்களுக்கு நடுவில் ஓடுகிற சந்து அது. பெண்கள் தெருவில் கால் வைக்காமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக, கல்யாண வீட்டுக்கும் சாவு விழுந்த மௌத்து வீட்டுக்கும் போக, பீடிக் கடையின் பின்வாசலில் இலையும் தூளும் வாங்க. அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் இடத்திலேயே ஒன்றரை ஒன்றரை அடி உள்வாங்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். யார் பெயரிலும் இல்லை. யாரும் எழுதி வைக்கவும் இல்லை. எழுதாமலே இத்தனை காலம் இருந்திருக்கிறது.

எனக்கு அது பிடிக்காது. பாலிடெக்னிக் சேர்ந்த அன்றைக்கே தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது ஸ்கூட்டர்.

எங்கள் எல்லோருக்கும் அக்கா முறையான ஜுபைதா பீவி லாத்தாதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அவள் வீடு முடுக்கின் நடுவில். அவளுடைய வாப்பா மௌத்தான பிறகு வீட்டைப் பங்கு வைத்தார்கள். முன்பாதி அண்ணன் நூர்முகம்மதுக்கு, பின்பாதி இவளுக்கு. அண்ணன் முன்பாதியை ஹாஜியாருக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். இவளுக்கு இருப்பது ஓர் அறை, அடுக்களை, சின்ன முற்றம். ஒரே ஒரு கதவு. அது முடுக்கில் திறக்கிறது. மாப்பிள்ளை இறந்துவிட்டார். மகள் ஷஃபீகாவை சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். பீடி சுற்றித் தனியாகச் சாப்பிடுகிறவள்.

"ஏட்டி, ரோட்டுல ஹாரன் அடிச்சிட்டுப் போறவளுக்கு முடுக்குல என்ன சோலி?"

அளக்க வந்தேன் என்றேன்.

"அளந்து? கூட்டித் தரப் போறியாக்கும்?"

ஜன்னல்களுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். லாத்தா டேப்பின் முனையைக் குதிகாலால் மிதித்துக்கொண்டு, மடியில் இருந்த தட்டில் பீடி சுற்றிக்கொண்டே நின்றாள். கையை நிறுத்தவே இல்லை. நான்தான் குனிந்து நிமிர்ந்து அளந்தேன். எந்த இடத்திலும் ஒரே அகலம் கிடையாது. முடுக்கின் முனையில் இரண்டு பேர் போகலாம், ஒருத்தி ஒருக்களித்தால். லாத்தாவின் நீலக் கதவுக்கு எதிரே ஹாஜியார் வீட்டுச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. அதைத் தாண்டினால் மறுபடி அகலம்.

கிளம்பும்போது கேட்டாள். "ஹாஜியாரு புதுசாக் கட்டுதாரே, என் வாசலு இருக்கும்லாட்டி?"

"படத்துல போட்டாச்சுன்னா அதுக்குப் பொறவு யாரும் தொட முடியாது லாத்தா."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஸ்நாப், ஆர்த்தோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வரைந்தேன். ஒவ்வொரு முனைக்கும் தூரத்தையும் கோணத்தையும் தட்டச்சு செய்தேன். மதியம் வரை வெறும் முடுக்குதான். பரப்பளவு கேட்டால் எல்லை மூடவில்லை என்றது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக்கெல்லாம் கூச்சல் போடுகிற இந்த மென்பொருள், மூன்றடிச் சந்தைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது.

கடைசியில் மூடியது. திரையில் முடுக்கு கோணல்மாணலாக, வயிறு தள்ளிய சுவரோடு, லாத்தாவின் வாசலோடு இருந்தது. இந்த அலுவலகத்தில் நான் போட்ட முதல் உண்மையான கோடு இதுதான் என்று தோன்றியது.

ஜூன் 16, திங்கள்

சார் வெகுநேரம் பார்த்தார். நன்றாக அளந்திருப்பதாகச் சொன்னார். பிறகு, இது எதற்கு என்றார்.

பத்திரப்படி இரண்டு வீடும் ஒட்டி இருக்கின்றனவாம். இவன் வீட்டுக்கு வடக்கே அவன் வீடு, அவன் வீட்டுக்குத் தெற்கே இவன் வீடு. நடுவில் மூன்றடி எங்கிருந்து வந்தது? பெண்கள் நடக்கிற வழி என்றேன். எழுதியிருக்கிறதா என்றார். இல்லை. ஆனால் இருக்கிறது சார், நான் அதில் நின்றேன்.

அவர் சண்டை போடவில்லை. எப்போதுமே போட மாட்டார். "அழிக்க வேண்டாம்மா. கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்க. தனி லேயர்ல போட்டு வச்சிரு" என்றார். போட்டேன். லேயர் என்பது படத்தின் மேல் விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி. அதற்கு 'முடுக்கு' என்றே பெயர் வைத்தேன். மனசு லேசானது.

மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தியை நம்பி வரைய உட்காரவைத்த முதல் ஆள் இவர். அதை நான் மறக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

சார் அந்த லேயரை உறைய வைத்துவிட்டார்.

லேயர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பனிப்பூப் படத்தை க்ளிக் செய்து உறைய வைத்தால் கோடு அழியாது. கோப்பிலேயே கிடக்கும். ஆனால் திரையில் தெரியாது, அச்சில் வராது, ஸ்நாப்பின் கண்ணிலும் படாது. அப்படியே கோப்பைத் தளவாய் அண்ணனிடம் கொடுத்து, மேஸ்திரிக்குக் கொடுக்கிற படத்தைப் போடச் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஹாஜியாரின் பக்கச் சுவரை இழுத்திருக்கிறார். நடுவில் எதுவும் இல்லை. ஸ்நாப் தேடித் தேடி, கைக்கு எட்டிய அடுத்த சுவரைப் பிடித்துக்கொண்டது. அது ஜுபைதா லாத்தாவின் சுவர். புதுச் சுவர் அவள் வாசலின் மேலேயே போய் ஒட்டியிருக்கிறது.

அண்ணனிடம் என்ன சத்தம் போடுவது? அவர் முன்னால் இருந்தது ஒரே சுவர். "நமக்கு என்ன தெரியும் பிள்ள, அது புடிச்ச எடத்துல நான் விட்டேன்" என்றார். முகம் செத்துவிட்டது.

சாரிடம் போனேன். அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் கதவு என்றேன். சார் திரையைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டம் எடுத்துக்கிட்ட பாயிண்ட்தானம்மா அது. பத்திரத்தோட சரியாத்தான பொருந்துது" என்றார்.

சிஸ்டம் எடுத்துக்கிட்டதாம். யாருக்குச் சொல்லுதாரு? லேயரை உறைய வச்சது சிஸ்டமா? காலையில எனக்கு முன்னாடி வந்து உக்காந்து, பைய அந்தப் பனிப்பூப் படத்துல க்ளிக் பண்ணுனது எந்த சிஸ்டம்?

ஒன்பதாம் தேதி எழுதியது தப்பு. ஸ்நாப் குருடு. திறந்து வைத்ததைத்தான் பிடிக்கும். எதை மூடுவது என்று ஓர் ஆள் முடிவு செய்கிறான்.

ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு ஹாஜியார் நேரே அலுவலகத்துக்கு வந்தார். பேரீச்சம்பழ டப்பா. எல்லா மேசைக்கும் அவரே கொண்டுவந்து நீட்டினார். நான் யார் மகள் என்று கேட்டு, வாப்பா பேரைச் சொன்னதும், நம்ம பிள்ளைதானா, மாஷா அல்லாஹ் என்றார். நல்ல முகம். அத்தர் வாசனை. படத்தைப் பார்த்தார், முடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அப்படியே நகர்த்தினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

சாரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் அந்த அறையில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

"ஜுபைதா எனக்குத் தங்கச்சி மாதிரி சார். எத்தனை தடவை ஆள் விட்டுட்டேன், அந்தப் பின்பாதியைக் குடுத்துரு, மவகூடப் போயி நிம்மதியா இருன்னு. கேக்க மாட்டேங்கா. இனி அவளாவே வருவா."

சார் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

பேரீச்சம்பழத்தை நான் தின்றுவிட்டேன். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே வாயில் போட்டுக்கொண்டது.

ஜூன் 21, சனி

உம்மாவிடம் சொன்னேன். உம்மா நூல்கண்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஹாஜியார் பள்ளிவாசலுக்குச் செய்கிறவர், நாளைக்கு என் நிக்காஹ்வுக்கு முன்வரிசையில் உட்காரப் போகிறவர், அவரோடு எதற்கு வம்பு என்றாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுத்ததுதான் எதிர்பார்க்காதது.

"முடுக்கு எலி போற வழி, நான் போவ மாட்டேன்னு குதிச்சவ நீதானட்டி? இப்ப என்ன திடீர்னு?"

குதித்தது உண்மை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்களை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சந்துக்குள் நடக்கவிட்டதற்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் ஜுபைதா லாத்தாவுக்குத் தெருவில் ஒரு வாசல் இருக்கிறதா? அண்ணன்காரனுக்கு முன்பாதி, இவளுக்குப் பின்பாதி என்று பங்கு பிரித்தபோது எந்த ஆம்பிளையாவது அதை யோசித்தானா? முடுக்கை மூடுகிறவன் தெருவைத் திறந்து கொடுத்துவிட்டு மூடட்டும். நானே சிமெண்ட் குழைத்துத் தருகிறேன்.

இதை உம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். வீரம் எல்லாம் இங்கேதான்.

ஜூலை 1, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. சின்ன வீடுகளுக்கு இப்போது சுயசான்று போதும். யாரும் நேரில் வந்து பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் சரி என்று இன்ஜினியராகக் கையெழுத்திட்டவர் நேசையா சார்.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித்தேர். ஊருக்கெல்லாம் லீவு. உலகமே ரதவீதியில் நிற்கும்போது ஹாஜியார் வீட்டில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

லாத்தா போன் செய்தாள். "ஏட்டி, கயிறு கட்டிருக்கான். கயிறு என் வாசப்படி மேல போவுது. நீ படத்துல போட்டாச்சுன்னு சொன்னியே."

போனேன். வெள்ளைக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது, ஆர்த்தோ போட்டது போல நேராக. மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் மடித்து வைத்திருந்த படத்தை விரித்தார். இதுல ஒண்ணும் இல்லையேம்மா என்றார். இல்லைதான். நான் வேலை செய்கிற அலுவலகத்தின் படம், நான் தொடங்கிய கோப்பு என்பதால் ஓரத்தில் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

லாத்தாவிடம் மனு கொடுக்கலாம் என்றேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு நானே ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறேன்.

"கலெக்டர் ஆபீசுக்கு எந்த முடுக்கு வழியாட்டி போவணும்?" என்றாள். கிண்டல் பண்ணினாளா, நிஜமாகக் கேட்டாளா, தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிவாசல் ஜமாஅத் கமிட்டியிடம் போனேன். நான் வராந்தாவில், அவர்கள் உள்ளே. செயலாளர் முகம்மது இப்ராஹிம் காக்கா மட்டும் எழுந்து வாசலுக்கு வந்து கேட்டார். இரண்டு படம் கொண்டுபோயிருந்தேன். முடுக்கு லேயரோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று.

முடுக்கு உண்டு என்று கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எங்கே போகிறது, யார் வாசல் அதில் திறக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சின்ன வயசில் உம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனதோடு சரி. அதற்குப் பிறகு போனால் கண்ணியம் இல்லை.

"நாங்க அதுக்குள்ள நடமாடுதமாம்மா? படத்துல என்ன இருக்கோ அதை வச்சித்தான பேச முடியும்" என்றார் காக்கா. நான் கொடுத்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். லேயர் இல்லாத படத்தில் இன்ஜினியர் கையெழுத்தும் சீலும் இருந்தன. முடுக்கு இருந்த படத்தில் எதுவும் இல்லை. டிப்ளமோக்காரி கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேரில் வந்து பாருங்கள் என்றேன். அதற்கு மைக்கில் அறிவித்து, பெண்களை உள்ளே இருக்கச் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார்.

இடையில் ஒரு வாரம். கொத்தனாருக்கு வெள்ளிக்கிழமை கிடையாது.

ஜூலை 18, வெள்ளி

மைக்கில் சொன்னார்கள். முடுக்கை ஒட்டிய வீடுகளில் பெண்கள் வெளியே வர வேண்டாம். ஜன்னல்களை அடைத்துக்கொள்ளவும்.

எல்லோரும் அடைத்துக்கொண்டார்கள். கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் ஒருவர் பின் ஒருவராக முடுக்குக்குள் வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல். பார்க்க வந்தவர்கள் பார்க்காமல் நடந்தார்கள். நான் மட்டும் பின்னால். என்னை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நடுவில் வந்ததும் வழி நின்றுவிட்டது. புதுச் சுவர் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி, லாத்தா வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது.

"இதோட முடிஞ்சிட்டே. இதுக்கு மேல எங்க இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

சொல்ல வேண்டியவள் உள்ளே இருந்தாள். வெளியே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களே. நான் வாயைத் திறக்கும் முன் உள்பக்கம் தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. சுவருக்கு மேலே அந்த நீலக் கதவின் நிலை மட்டும் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இங்கனதான் இருக்கேன்."

ஒருவரும் நிமிரவில்லை. அந்நியப் பெண்ணின் குரல் கேட்டால் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி, தரையைப் பார்த்து நின்றார்கள். மரியாதைதான். அந்த மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காக்காதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹாஜியார்ட்ட பேசுதோம்மா" என்றார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுவர் நிலைக்கு மேலே போய்விட்டது. லாத்தா கதவைத் திறந்தால் செங்கல். முற்றத்தில் ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறி, அங்கிருந்து பின்வீட்டு மாடிக்குத் தாண்டி, அவர்கள் படி வழியாக இறங்கிப் போகிறாள். பீடித் தட்டு தலையில். இடுப்பில் நூல்.

ஹாஜியார் பேசிவிட்டாராம். அல்லாஹ் நாடினால் ஒரு நல்ல முடிவு எடுப்போம் என்றாராம்.

ஆகஸ்ட் 6, புதன்

சாரிடம் மறுபடி கேட்டேன். திருத்திய படம் ஒன்று கொடுத்தால் போதும், கமிட்டி அதை ஏற்றுக்கொள்ளும். சார் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். அபூர்வம். "இருபது வருஷமா இந்தக் கையெழுத்தை வச்சித்தான் சோறு திங்கேன். தப்புன்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் வருவான்? சொல்லு."

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லாத்தா ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பிளேட் வைத்திருக்கிறார்கள். விரல்கள் வீங்கிப் போயிருந்தன. ஷஃபீகா சாத்தான்குளத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாத்தா திருப்பவில்லை. நான் அழுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"ஏட்டி, அழாத. படத்துல ஒரு கட்டுப் போட்டு விட்டுரு, சரியாயிரும்."

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம், அந்தக் கையாலேயே.

பாளையங்கால்வாயைத் தாண்டும்போது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். கறுப்புத் தண்ணீர். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

செப்டம்பர் 3, புதன்

இன்று எனக்குக் கொடுத்தது பேட்டையில் ஒரு கடை. நாள் முழுக்க ஒரு மூலை சேரவில்லை. ஸ்நாப் மாற்றி மாற்றி வேறு முனையைப் பிடித்தது. தளவாய் அண்ணன் எழுந்து வந்து என் கணினியில் எல்லா வகையையும் அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

விற்றுவிட்டாள். பீடி சுற்ற முடியாத கையோடு, வாசல் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாசல் இல்லாத வீட்டை வாங்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

சாமானை மொட்டைமாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உதவிக்கு ஆள் அனுப்பியது ஹாஜியார். பாத்திரம், டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், குர்ஆன் வைத்த பை. கட்டில் மட்டும் இறங்கவில்லை. அது கதவு வழியாக உள்ளே போன கட்டில், ஏணி வழியாக வராது. கொஞ்ச நேரம் சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு உள்ளேயே போட்டுவிட்டார்கள்.

வேன் வரைக்கும் லாத்தா தெருவில் நடந்தாள். புர்கா போட்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவள் தெருவில் நடந்து நான் பார்த்ததே இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஒருத்தி தெருவில் நடந்தால் ஒன்றும் ஆகாது என்று இத்தனை காலம் கத்தினேன். ஒன்றும் ஆகவில்லைதான்.

வேனில் ஏறும் முன் என்னிடம் ஒன்று கேட்டாள். "நீ அன்னைக்கு அளந்தியே, அது இன்னும் உன்கிட்ட இருக்கா?"

இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஹாஜியாரின் கோப்பு திரும்ப வந்தது. பின்பாதியையும் சேர்த்து, சமையலறையும் துணி துவைக்கிற இடமுமாகப் போட வேண்டும். சார் வேலையை என்னிடம் கொடுத்தார். அந்த இடத்தின் அளவு உனக்குத் தெரியுமே என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். லேயர் பட்டியலில் 'முடுக்கு' அப்படியே இருந்தது, பக்கத்தில் பனிப்பூ. யாரும் அழிக்கவில்லை. நான் இன்னும் தொடவில்லை.

ஸ்நாப் ஆன் ஆகியிருந்தது. லாத்தாவின் சுவர் முனைக்கு அம்பைக் கொண்டுபோனேன். பச்சைச் சதுரம் முதல் தடவையிலேயே வந்தது. அடுத்த முனை, அதுவும் முதல் தடவையிலேயே. மூன்றாவது, நான்காவது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. இந்த அலுவலகத்தில் இவ்வளவு லேசாக நான் எதையும் வரைந்ததில்லை. கடைசிப் பக்கத்தை மூடினால் அவள் வீடு முடிந்துவிடும்.

கையை எடுத்துவிட்டேன். எழுந்து சாரின் மேசைக்குப் போனேன். தளவாய் அண்ணன் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

"அந்த லேயரை நீங்க உங்க கையால திறங்க சார். திறந்து, அச்சு எடுத்து, இது இங்க இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போடுங்க சார்."

சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் அங்கேயே நின்றேன்.